அல்டாப்ராவில் மனிதக் கால் பட்டிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பகுதியில் வந்த தீவுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆனால் அதில் மூன்று இடங்களில் வரும் 'மனிதக் கால் படாத தீவு' என்ற சொற்றொடர் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படிச் சொல்லப்படும் தீவு ஒன்றில் ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டு வந்தவள் நான்.

சேஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ராவுக்கு விமானம் கிடையாது. தலைநகர் இருக்கும் மாஹே தீவிலிருந்து தென்மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. ஆய்வுப் பயணக் கப்பல்கள் பெரும்பாலும் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அமைதியான வாரங்களில்தான் அங்கே போகின்றன. இறங்குவதற்கு முந்தைய மாலை எங்கள் காலணிகளைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். பைகளின் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பார்த்தார்கள். என் பையின் பட்டையில் ஒட்டியிருந்த ஒரு புல்விதையை ஊழியர் ஒருவர் இடுக்கியால் எடுத்துக் காட்டினார். ஒரு விதைக்கா இத்தனை பாடு என்று அப்போது நினைத்தேன். மறுநாள் பகலுக்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

காலையில் ரப்பர் படகில் பிக்கார்ட் தீவின் மணலில் இறங்கினோம். அல்டாப்ரா ஒரு பவளப்பாறை வளையம்; அதில் பிக்கார்டையும் சேர்த்து நான்கு பெரிய தீவுகள். ஒன்றின் பெயர் மலபார். அத்தனை தொலைவில் அந்தப் பெயரைக் கேட்டதும் யாரோ தெரிந்தவர் கூப்பிட்டதுபோல் இருந்தது. கரையோர மரநிழலில் ராட்சத நில ஆமைகள் கும்பல் கும்பலாகப் படுத்திருந்தன. பக்கத்தில் போனால் தலையை உள்ளிழுத்துக்கொண்டு நீளமாக ஒரு பெருமூச்சு விடும். உலகின் மிகப் பெரிய நில ஆமைக் கூட்டம் இது, ஏறத்தாழ ஒரு லட்சம். வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குப் போய்ச் சேராத ஆமை ஓட்டுக்குள்ளேயே வெந்து செத்துவிடும் என்றார் எங்களுடன் வந்த தீவுக் காவலர். அங்கே ஆமையின் உயிர் ஒரு புதரின் நிழலில் இருக்கிறது. அந்தப் புதர்களைத்தான் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. பல ஆண்டுகள் பாடுபட்டு 2012இல்தான் ஆடுகளை முற்றிலும் அகற்ற முடிந்தது.

பிறகு அந்தப் பறவை வந்தது. வெண்தொண்டைக் கானாங்கோழி, பறக்காது. அச்சமே இல்லாமல் என் காலணிக் கயிற்றைக் கொத்திப் பார்த்தது. இந்தியப் பெருங்கடல் தீவுகளில் பறக்காத பறவை இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. இதன் கதையைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேச்சில்லாமல் நின்றேன். சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் கடல் எழுந்து அல்டாப்ராவை மூடியது. அங்கிருந்த பறக்காத கானாங்கோழி அழிந்தது. தீவு மீண்டும் தலைதூக்கியபோது மடகாஸ்கர் பக்கமிருந்து பறந்துவந்த அதே இனம் குடியேறி, இரண்டாம் முறையாகச் சிறகின் பயனை இழந்தது. புதைபடிவங்களை ஆராய்ந்தவர்கள் 2019இல் இதை வெளியிட்டார்கள். கடலுக்குப் பின்னும் திரும்பி வந்த இந்தப் பறவையைப் பிக்கார்டிலிருந்து ஒழித்தவை மனிதர்கள் கொண்டுவந்த பூனைகள். 1999இல் மலபாரிலிருந்து ஒரு சிறு கூட்டத்தைப் பிடித்துவந்து மறுபடி விட்டார்கள். என் காலடியில் நின்றது அந்தக் கூட்டத்தின் வழித்தோன்றல். மனிதக் கால் படாத தீவாம்!

இன்னும் பின்னால் போகலாம். ஆமைகளைக் காப்பாற்றுங்கள் என்று 1874இல் மொரீஷியஸ் ஆளுநருக்குப் போன கடிதத்தில் சார்லஸ் டார்வின் கையெழுத்திட்டிருக்கிறார். 1960களில் பிரிட்டன் அங்கே ராணுவ விமானத் தளம் அமைக்கத் திட்டமிட்டது. அறிவியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பணநெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1967இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் சாகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டியேகோ கார்சியாவில் தளம் வந்தது. சாகோஸ் தீவு மக்கள் வீடுவாசல் இழந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆமைகளுக்காக எழுந்த குரல் அந்த மனிதர்களுக்காக அதே வலுவோடு எழவில்லையே என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1968இல் கடலாமை வேட்டைக்குத் தடை வந்தது. அதன்பின் முட்டையிட வரும் பச்சைக் கடலாமைகள் பல மடங்கு பெருகியிருக்கின்றன.

கடல் வற்றம் தொடங்கியதும், தீவு வளையத்தின் நடுவே உள்ள காயலின் நீர் குறுகிய வாய்க்கால் வழியே ஆறுபோல் வெளியே பாய்கிறது. எங்களையும் அந்த நீரோட்டத்தில் மிதக்கவிட்டார்கள். அதைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் என்னைவிட அழகாக எழுதுவார். நான் எழுத வேண்டியது செருப்புகளைப் பற்றி.

கரையில் சிறிது தூரம் நடப்பதற்குள் மூன்று ரப்பர் செருப்புகளும், மணலில் பாதி புதைந்த மீன்பிடிக் கயிறு ஒன்றும் கிடைத்தன. காவலரின் சாக்கில் போட்டேன். காற்று நேரே மோதும் தெற்குக் கரையில் இவை மலைமலையாகக் குவிந்திருக்கின்றனவாம். 2019இல் பன்னிரண்டு பேர் ஐந்து வாரம் உழைத்து 25 டன் குப்பையை அப்புறப்படுத்தினார்கள். இன்னும் 500 டன் அளவுக்கு இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எடையில் பெரும்பங்கு மீன்பிடித் தொழிலின் கயிறும் வலையும். எண்ணிக்கையில் செருப்புகள் லட்சக்கணக்கில். முழுவதையும் அகற்ற 47 லட்சம் டாலர் வரை செலவாகுமாம். கடல்நீரோட்டக் கணக்கீடுகளின்படி, நிலத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் குப்பைக்கு இந்தோனேசியா, இந்தியா, இலங்கைக் கரைகள் முக்கிய ஊற்றுகள். என் பையிலிருந்த ஒரே ஒரு விதையை இடுக்கியால் எடுத்தார்கள், ஆசிரியர் அவர்களே. அதே கரையில் நம் கால்களிலிருந்து கழன்றவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

'கால் படாத' என்று எழுதினால் கெடுத்தவர்களும் மறைந்துபோகிறார்கள், காத்தவர்களும் மறைந்துபோகிறார்கள். அல்டாப்ராவைப் பராமரிக்கும் சேஷெல்ஸ் தீவுகள் அறக்கட்டளைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். கணிசமான பகுதி, பிராலின் தீவில் இரட்டைத் தேங்காய் மரங்கள் வளரும் வல்லே த மே காட்டைப் பார்க்க வருபவர்கள் வாங்கும் நுழைவுச்சீட்டிலிருந்து வருகிறது. கொரோனாக் காலத்தில் பயணிகள் நின்றபோது அந்த வருமானமும் நின்றது. இப்படி ஓர் இழையில்தான் அந்த ஒரு லட்சம் ஆமைகளின் காவல் தொங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு போகும் பயணி வேறு கண்ணோடு பார்ப்பார் என்று நம்புகிறேன்.

உங்கள் தொடரில் இனி வரும் தீவு எதுவானாலும், படங்களுக்குக் கீழே அதைக் காப்பவர் யார், அதற்கான செலவை ஏற்பவர் யார் என்று இரண்டு வரிகள் சேர்க்க வேண்டுகிறேன். அந்தச் சொற்றொடரை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி