அந்தக் கறுப்பு சொத்தையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில், தோட்டமொன்றில் வெளிநாட்டுப் பல் வைத்தியர்கள் நடத்திய இலவச முகாமைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். "பல் வைத்தியரையே கண்டிராத மக்கள்" என்று அதில் ஒரு வரி. சரிதான். நான் வைத்தியர் இல்லை. வெறும் பாடசாலைப் பல் சிகிச்சையாளர். 36 வருடம் அதே மலையில் பிள்ளைகளின் வாயைப் பார்த்துவிட்டு 2022இல் ஓய்வுபெற்றவள். என்னைக் கண்டதெல்லாம் கணக்கில் வராதுதான்.

செய்தியோடு, வாயை ஆவென்று திறந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். கீழே "சொத்தைப் பற்களுடன் தொழிலாளி". முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டேன். கீழ்வரிசைக் கடைவாயில் கறுப்பாகத் தெரிவது சொத்தையல்ல ஐயா, நாளாகிக் கறுத்துப்போன வெள்ளி அடைப்பு. 1988இல் அவள் நாலாம் வகுப்பில் இருந்தபோது, கரண்ட் இல்லாத அறையில், காலால் மிதிக்கிற மெஷினை வைத்து நான் அடைத்தது. பஞ்சைத் துப்பிவிட்டு இரண்டு தடவை ஓடியவள், மறக்குமா?

போய் விசாரித்தேன். அந்தப் பல் இப்போது இல்லை. வலித்தது பக்கத்துப் பல்லாம். இதையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள். கழற்றப் பத்து நிமிடம் போதும். பல்லைக் கழற்றாமல் காப்பாற்றும் நரம்பு வைத்தியம் என்றால் இரண்டு மூன்று தடவை பார்க்கவேண்டும், அவர்களோ மறுநாள் காலையில் வேன் ஏறிவிட்டார்கள். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, ஒரு நாள் பேரையும், அதாவது அன்றைய கூலியையும், இழந்து, டவுன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறியிருக்கிறாள். எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிய வாய் அது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு ஏதும் இருக்கிறதா என்று முகாமில் ஒருவரும் பார்க்கவில்லையாம். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்க்குத்தான் முதலிடம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

வெளிநாட்டார் என்றால் எனக்கு ஆகாது என்று நினைக்கவேண்டாம். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் நியூசிலாந்து உதவியதால்தான் மகரகமவில் எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி நிலையமே வந்தது. கொடுத்தவர்கள் ஊர் திரும்பிய பிறகும் வேலை நடந்தது.

என் இடத்துக்கு இன்றுவரை ஒருவரும் வரவில்லை. கிளினிக் அறையில் விளையாட்டுப் போட்டிக் கொடிகளும் கால் உடைந்த மேசைகளும் கிடக்கின்றன. இதைப் பற்றித் தங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். இடம் இல்லாமல் போயிருக்கும். முகாமுக்கு அரைப்பக்கம் கிடைத்ததில் சந்தோஷம். என் பிரியாவிடைச் செய்தியில் என்னைத் "தாதி" என்று போட்டதைக்கூட நான் அப்போது பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த இதழில் ஒரு வரி போதும்: படத்தில் இருந்தது சொத்தையல்ல, அடைத்த பல். அந்தப் படத்தைக் காட்டி அவளுடைய மகளை வகுப்பில் கேலி செய்கிறார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்,
ஹட்டன்.