1971-ல் கிடைத்தது எவ்வளவு?

ஆசிரியருக்கு,

அலாஸ்காவின் பூர்வகுடிகளான ட்லிங்கிட், ஹைடா மக்களைப் பற்றிய கட்டுரையில், சம உரிமைக்காகப் போராடிய ட்லிங்கிட் பெண் எலிசபெத் பெரட்ரோவிச்சுக்கும் 1945-ஆம் ஆண்டின் பாகுபாடு ஒழிப்புச் சட்டத்துக்கும் நல்ல இடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் பறிபோன நிலத்துக்காக அவர்கள் அரசோடு நடத்திய வழக்கை, ‘1971-ல் நிலமும் பணமும் கிடைத்தன’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க அரசு இசையாமல் அதன் மீது வழக்குப் போட முடியாது. அலாஸ்கா பூர்வகுடிச் சகோதரர் சங்கம் 1929-ல் ஹெய்ன்ஸ் மாநாட்டில் வழக்குத் தொடர முடிவெடுத்தது. அதற்கு இடம் தரும் தனிச் சட்டம் 1935-ல்தான் வந்தது. அந்தச் சட்டம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது 1955-ல் தெரிந்தது. ராங்கல் பகுதியைச் சேர்ந்த டீ-ஹிட்-டன் என்ற ட்லிங்கிட் குலத்தார், டோங்காஸ் காட்டு மரங்களை அரசு விற்றதற்கு இழப்பீடு கேட்டார்கள். நாடாளுமன்றம் அங்கீகரிக்காத பூர்வகுடி உரிமையை எடுத்துக்கொண்டால் அரசமைப்பின்படி எதுவும் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. நான்கே ஆண்டுகளில், 1935 சட்டத்தின்கீழ் நடந்த பெரிய வழக்கில், தென்கிழக்கு அலாஸ்காவில் இவர்களுக்கு நில உரிமை இருந்ததும் அது பறிக்கப்பட்டதும் உண்மை என்று, அரசுக்கு எதிரான இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் உரிமைகோரல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

ஆனால் தொகை? 1968-ல் சுமார் 75 லட்சம் டாலர். நிலம் பறிபோன காலத்து விலையைப் போட்டார்கள். ஏக்கருக்கு அரை டாலர்கூடத் தேறவில்லை. அந்தக் கரையின் செல்வமே சால்மன்தான். மீன்பிடி உரிமைக்கோ சல்லிக்காசு கிடையாது.

அந்தச் சொற்பப் பணத்தையும், அலாஸ்கா பூர்வகுடிகளின் நில உரிமைக் கோரிக்கைகளைத் தீர்க்க வந்த 1971 சட்டம் கணக்கில் பிடித்துக்கொண்டது. அலாஸ்காவின் மற்றப் பகுதிகளில் மக்கள்தொகையைப் பொறுத்து ஒரு கிராமத்துக்கு 69,120 முதல் 1,61,280 ஏக்கர் வரை. ஆங்கூன், ஹூனா, ஹைடபர்க் போன்ற தென்கிழக்குக் கிராமங்களுக்குத் தலா 23,040 ஏக்கர்தான். மீதி நிலத்துக்கு ஈடு 1968 பணமே என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஹெய்ன்ஸ், ராங்கல், கெச்சிகன், பீட்டர்ஸ்பர்க், டெனக்கி ஆகிய ஐந்து தென்கிழக்கு ஊர்கள் நிலம் பெறும் கிராமங்களின் பட்டியலிலேயே இல்லை. வழக்குக்கு முடிவெடுத்த ஊரும் அதில் ஒன்று!

கிடைத்த நிலமும் குலங்களின் கைக்குப் போகவில்லை. தென்கிழக்கு வட்டாரத்துக்கான சீலாஸ்கா, கிராம நிறுவனங்கள் எனக் கம்பெனிகளின் பெயரில் பதிவானது. மக்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். 1971 டிசம்பர் 18-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பங்கும் இல்லை. சீலாஸ்கா பங்குதாரர்கள் 2007-ல் வாக்களித்துத்தான் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.