வெளிநாட்டுக் கார்டுகள் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இலங்கை உட்படச் சில நாடுகளின் வங்கிக் கார்டுகளை எங்கள் இணையக் கடை இப்போது ஏற்பதில்லை. அதை வைத்து, "ஊட்டிக் கடைக்காரர் இலங்கைத் தமிழர்களைத் திருடர்கள் என்கிறார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும்.

இந்தியக் கார்டு என்றால் ஓடிபி போட வேண்டும். வெளிநாட்டுக் கார்டுகள் பலவற்றில் அது கேட்பதில்லை. களவுபோன கார்டு எண்ணை வைத்து யாரோ சால்வை வாங்குகிறார், நாங்களும் அனுப்பிவிடுகிறோம். கார்டுக்கு உரியவர் மாதங்கள் கழித்துத் தன் வங்கியில் முறையிட்டதும் பணம் எங்களிடமிருந்து திரும்பப் போய்விடுகிறது, கட்டணமும் சேர்த்து. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரி சால்வைக்கு வெள்ளைத் துணியில் இழை எண்ணி, சிவப்பும் கறுப்புமாக வாரக்கணக்கில் தைக்க வேண்டும். தைத்த பெண்களுக்குக் கூலி அன்றே கொடுத்தாகிவிட்டது. அவர்களிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா? இப்படிப்பட்ட தகராறு இன்னும் கூடினால் கணக்கையே முடக்கிவிடுவோம் என்று பணம் வசூலித்துத் தரும் நிறுவனமும் சொல்லிவிட்டது.

யாரையும் நாங்கள் திருடர் என்று சொல்லவில்லை. கார்டு எந்த நாட்டு வங்கியுடையது என்பதை மட்டுமே பார்க்கிறோம். அந்த நாட்டுக்காரர் எண்ணைப் பறிகொடுத்தவர். எடுத்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ! இருப்பிடத்தை மாற்றிக் காட்டும் விபிஎன் போட்டால் எந்த நாடாகவும் காட்டலாம், அதனால்தான் இருப்பிடத்தை வைத்து நாங்கள் தடுக்கவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய குடும்பங்கள் எங்கள் கடைக்குப் பழக்கமானவை. இலங்கையில் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கும் அவர்களுடைய சொந்தங்கள், இங்கே நடக்கும் கல்யாணங்களுக்கு அங்கிருந்தே ஆர்டர் போட்டவர்கள். அவர்களைப் போய்த் திருடர் என்பேனா? அந்தச் செய்தியைப் படித்ததில் மனம் மிகவும் நொந்துவிட்டது.

நேர்மையாக வாங்குபவருக்கு இது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஒவ்வொரு ஆர்டரையும் அலசிப் பார்க்க ஆள் வைக்க எங்களால் முடிந்தால் எந்த நாட்டையும் அடைத்திருக்க மாட்டோம்.

இங்கே உள்ள உறவினர் யாராவது யூபிஐ மூலம் பணம் கட்டினால் போதும், உங்கள் பெயரிலேயே பார்சல் போகும். வங்கி வழியாகவும் அனுப்பலாம், அதற்கான கட்டணம் உங்களுடையது.

செய்தியைப் பார்த்ததும் சண்டைக்கு வராமல், போன் போட்டு "என்ன ஆச்சு அண்ணா" என்று விசாரித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. சுற்றுலாக் கூட்டம் இல்லாத மழை மாதங்களிலும் எங்கள் கடை ஓடுவது உங்களால்தான்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
ஊட்டி