சென் கிளயார் பாறையில் ஒரு சிவப்புக் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலைப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் வீதியோரம் நின்று சென் கிளயார் அருவியைப் படம் எடுப்பதோடு திரும்புவதில்லை. கொத்மலை ஓயா என்ற ஆற்றின் நடுப்பாறைத் திட்டுகளில் ஏறி உட்கார்ந்து சோற்றுப் பொதியை அவிழ்ப்பவர்களும் உண்டு. தண்ணீர் திடீரென்று ஏறினால் அவர்கள் அங்கேயே சிக்கிக்கொள்வார்கள்.

ஆபிரிக்காவின் விக்டோரியா அருவி விளிம்பிலும் ஒரு திட்டு இருக்கிறது, லிவிங்ஸ்டன் தீவு. 1855 இல் ஸ்கொட்லாந்துப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் தோணியில் போய் இறங்கிய இடம். இன்றும் வழிகாட்டியோடுதான் ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். அந்த அருவியாக விழும் சம்பெசி ஆறு பெருகும் மாதங்களில் பயணமே கிடையாது.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பலிக்காது. சம்பெசி வாரக்கணக்கில் ஏறும் ஆறு. அருவிப் பக்கம் மழை ஓய்ந்த பிறகுதான், ஏப்ரல் வாக்கில், உச்சத்துக்கு வரும். கலண்டரைப் பார்த்தே மூடிவிடலாம். நம் ஓயாக்களோ செங்குத்துச் சரிவில் நிமிடக்கணக்கில் ஏறுபவை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வெயில் காயும், பின்னேரம் இடிமழை கொட்டும். ஆற்றின் மேற்பக்கமுள்ள அக்கரப்பத்தனையிலும் நானுஓயாவிலும் பெய்தால் போதும், தலவாக்கலையில் ஒரு துளி விழாமலே வெள்ளம் வந்து சேரும். அருவிக்கு மேலே மேல் கொத்மலை அணையும் இருக்கிறது. வான்கதவு திறக்கும் அறிவித்தல் வந்தாலும், அருவி இரைச்சலுக்குள் நிற்பவர் காதில் அது விழுமா?

ஆகவே கண்ணைத்தான் நம்ப வேண்டும். தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து மிதந்து வந்தால், பொதியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். ஓட்டம் முழங்காலுக்கு வந்துவிட்டால் கடக்க இறங்கவே கூடாது. பாசிப் பாறையில் ரப்பர் செருப்பு பிடிக்காது, தண்ணீர் காலை வாரிவிடும். சேலையையோ கயிற்றையோ இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம். விழுந்தவரைக் கயிறு பிடித்து நிறுத்தும்போது வேகத் தண்ணீர் அவரைக் கீழே அமுக்கும். கரையேற முடியாமல் போனால் திட்டின் உச்சியில் இருந்துகொண்டு கையசையுங்கள். கரையில் நிற்பவர்கள் 119 க்கு அழைக்கட்டும்.

பிரதேச சபையிடம் கேட்பது பெரிய செலவில்லை. கரையிலிருந்து தெரியும் பாறையில் ஒரு சிவப்புக் கோடு, அதைத் தண்ணீர் தொட்டால் யாரும் இறங்கக் கூடாது. வான்கதவு திறக்கும்போது எரியும் ஒரு சுழல்விளக்கு. பக்கத்தில் ஒரு பலகை, தமிழிலும். எழுத்துப் பிழையில்லாத தமிழில் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தலவாக்கலை வாசகர்கள்