ஆதார் நகல் கேட்போர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் தெருமுனைக் கடையில் வாங்கிய வடையைப் பிரித்தபோது மனம் பதறிவிட்டது. மடித்திருந்த தாள், யாரோ ஒரு பெரியவரின் ஆதார் நகல். புகைப்படம், முகவரி, பிறந்த தேதி, 12 இலக்க எண் எல்லாம் எண்ணெய்க் கறையையும் மீறித் தெளிவாகத் தெரிந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தேன்.

லாட்ஜில் அறை எடுக்க, வாடகைக்கு வீடு பிடிக்க, எங்கு போனாலும் 'ஒரு ஆதார் ஜெராக்ஸ் கொடுங்க' என்கிறார்கள். அந்தத் தாள் பிறகு எங்கே போகிறது என்று நாமும் கேட்பதில்லை. தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பிலேயே செல்லாது என்றது. 2019 திருத்தம் வங்கிகளுக்கும் செல்போன் நிறுவனங்களுக்கும் இடம் தந்தது. அதுவும் வாடிக்கையாளர் விரும்பிக் கொடுத்தால் மட்டுமே.

முதல் 8 இலக்கங்களை மறைத்து, கடைசி 4 மட்டும் காட்டும் ஆதாரை, அதை வழங்கும் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். அடையாளம் காட்ட அது போதும். ஆனால் செல்போன் எண்ணைப் பதிவு செய்திருந்தால்தான் ஓடிபி வரும். என் அம்மாவைப் போன்ற முதியவர்கள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

இ-சேவை மையங்களில் இதைத் தமிழில் விளக்கும் பலகை வையுங்கள். மறைத்த நகலை ஏற்க மறுக்கக் கூடாது என்று விடுதிகளுக்கு மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். வேலை முடிந்த நகல்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் கிழித்து அழிக்கவும் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்