கிளாசில் வெள்ளை படிந்தால் மெசினைக் குறை சொல்லாதீர்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"மெசின் பழுதாய்ப் போச்சு, கிளாஸ் எல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வருது" என்று எங்களைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் டிஷ்வாஷரில் ஒரு பிழையும் இருக்காது. வந்து பார்த்ததற்கான கூலியை வாங்க எங்களுக்கே சங்கடமாக இருக்கும். காரணத்தை எழுதிவிட்டால் உங்களுக்கும் காசு மிச்சம், எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

2010 யூலை 1இல் இருந்து கனடாவில் வீட்டுப் பாவனைக்கான டிஷ்வாஷர் சோப்பில் பொஸ்பரஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியாது. அதே நாளில் அமெரிக்காவின் 16 மாநிலங்களிலும் இதே போன்ற தடை வந்தது. அதற்கு முன்பு சில தூள்களில் 8 சதவீதம் வரை இருந்தது. தண்ணீரில் உள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்வது, கழன்ற அழுக்கு திரும்பவும் கோப்பையில் ஒட்டாமல் பார்ப்பது, எண்ணெயைக் கரைப்பது என்று மூன்று ஆட்களின் வேலையை, பொஸ்பரஸ் கலந்த உப்பான பொஸ்பேட் ஒன்றே செய்துகொண்டிருந்தது. அதை எடுத்ததும் கல்சியம் சும்மா இருக்குமா? காயும்போது கிளாசில் படிந்துவிடுகிறது. ரொறன்ரோவுக்கு ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் வருவதால் இங்கே பாதிப்பு நடுத்தரம். நிலத்தடி நீர் குடிக்கும் கிச்சனர், குவெல்ஃப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் பெரிய தலையிடி.

தடை வீண் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பொஸ்பேட் ஏரிக்குப் போனால் பாசிக்கு அது உரம். 1960களில் கனடா-அமெரிக்க எல்லையில் உள்ள ஈரி ஏரி பாசி பிடித்து நாறியது. அதற்குப் பிறகுதான் 1970களின் தொடக்கத்தில் கனடா துணி துவைக்கும் தூளில் பொஸ்பேட்டைக் குறைத்தது. கழிவுநீர் நிலையங்களையும் திருத்தினார்கள், ஏரி தேறியது. ஆனால் டிஷ்வாஷர் தூளை அப்போது விட்டுவைத்தார்கள், காரணம் அதற்கு நல்ல மாற்று இல்லை.

மாற்று வருமுன் தடை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் பழைய கதை ஒன்று உண்டு. பொஸ்பேட்டுக்குப் பதில் சோடாக் காரம் நிறையப் போட்ட துணித் தூள்கள் கடைக்கு வந்தன. சின்னப் பிள்ளை வாயில் வைத்தாலோ கண்ணில் பட்டாலோ பெரிய ஆபத்து. கடைசியில் 1971 செப்டம்பரில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெஸி ஸ்ரைன்ஃபெல்டே, பொஸ்பேட் தூளைப் பாவிப்பதுதான் வீட்டுக்குப் பாதுகாப்பு என்று சொல்லவேண்டி வந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் கவுண்டியில் டிஷ்வாஷர் தூளுக்கான தடை 2008இலேயே தொடங்கிவிட்டது. சனம் என்ன செய்தது? காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குப் போய்ப் பழைய தூளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தது. ஆற்றைக் காக்கப் போட்ட சட்டத்துக்குப் பெற்றோல் எரிந்தது, பொஸ்பேட்டும் அதே ஆற்றுப் பக்கம்தான் போனது.

எங்கள் வாடிக்கையாளர்கள் ஐடஹோவுக்குப் போகவில்லை, வேறு வழி பார்க்கிறார்கள். கூடுதலாக நாங்கள் காண்பது, எல்லாவற்றையும் குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு மெசினில் அடுக்குவது. தண்ணீர்ப் பில்லும் ஹைட்ரோ (மின்சார) பில்லும் ஏறுவது மட்டுமில்லை. இப்போதைய மெசின்கள் பலவற்றில் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கும் சென்சர் உண்டு. நீங்கள் கழுவிக் கொடுத்தால் அது "அழுக்கில்லை" என்று எண்ணிச் சுருக்கமாக முடித்துவிடும். சோற்றையும் எலும்பையும் வழித்துக் கொட்டினால் போதும்.

இன்னும் சிலர் சுவருக்குப் பெயின்ட் அடிக்க முன் கழுவும் ரி.எஸ்.பி. (ரைசோடியம் பொஸ்பேட்) தூளை ஒரு கரண்டி சேர்க்கிறார்கள். கிளாஸ் பளபளக்கும், உண்மைதான். ஆனால் அது முழுப் பொஸ்பேட், கடும் காரம். ஒரு வீட்டில் இடியப்ப உரலை அந்தத் தூளோடு போட்டிருந்தார்கள். அலுமினிய உரல் கரிக்கட்டை நிறத்தில் வெளியே வந்தது. (அலுமினியத்தைச் சாதாரண சோப்பும் கறுக்க வைக்கும், அதைக் கையால் கழுவுங்கள்.) சட்டம் வீட்டுச் சோப்புக்குத்தானே, சாப்பாட்டுக் கடைகளுக்கான தூளை எடுத்துத் தரமுடியுமா என்றும் கேட்கிறீர்கள். முடியும், ஆனால் தரமாட்டோம். அது சில நிமிடங்களில் கழுவி முடிக்கும் பெரிய மெசின்களுக்குச் செய்த காரம்.

சரி, என்னதான் செய்வது? முதலில் வெள்ளையான கிளாஸ் ஒன்றை வினாகிரியில் துடைத்துப் பாருங்கள். போனால் கல்சியம். போகாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, அதற்கு மருந்து இல்லை, மற்றக் கிளாஸ்களுக்கும் அப்படி வராமல் இருக்கச் சோப்பைக் குறையுங்கள்.

கல்சியம் என்றால் கழுவி முடிவில் விடும் ரின்ஸ் எயிட் திரவத்தைக் காலியாக விடாதீர்கள். பொஸ்பேட் இருந்த காலத்தில் அது ஆடம்பரம், இப்போது அவசியம். அந்தத் திரவம் ஊற்றும் கிண்ணத்தில் வினாகிரி ஊற்றவேண்டாம், ரப்பர் கெடும். இன்றைய சோப்பு மாப்பொருளையும் புரதத்தையும் என்சைம் வைத்து உடைக்கிறது, அதற்குச் சூடும் நேரமும் தேவை. தொடங்கமுன் குசினிக் குழாயில் சுடுதண்ணீர் வரும்வரை திறந்துவிடுங்கள், மெசினுக்கும் அதே குழாயில் இருந்துதான் தண்ணீர் போகிறது. விரைவுக் கழுவலைத் தவிருங்கள். சில ஐரோப்பிய மெசின்களில் உப்புப் போடும் அறை இருக்கும். அதற்கென்று விற்கும் உப்பையே போடுங்கள், கறி உப்பைப் போட்டால் எங்களைக் கூப்பிடவேண்டி வரும்.

கறியில் போடும் மஞ்சளின் கறை வேறு பிரச்சினை. பழைய தூளில் இருந்த குளோரின் அதை அழித்தது. என்சைமும் குளோரினும் ஒத்துப்போகாததால் இப்போது பெரும்பாலும் குளோரின் இல்லை. ஜெல்லை விட்டுத் தூளோ வில்லையோ வாங்குங்கள், அவற்றில் ஒட்சிசன் வெளுப்பான் இருக்கும். பிளாஸ்ரிக் பெட்டியின் மஞ்சளுக்கு ஜன்னலோரத்து வெயிலே போதும்.

இன்னொன்று. வீட்டுச் சோப்பில் பொஸ்பேட் குறைந்த பிறகும் 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சால் அமெரிக்காவின் டொலீடோ நகரம் குழாய்த் தண்ணீர் குடிக்கவேண்டாம் என்று அறிவித்தது. வயல்களுக்குப் போட்ட உரம் ஆற்றோடு வந்து சேர்ந்ததுதான் முக்கிய காரணம். அதே ஆண்டு ரொறன்ரோ மாநகரம் பழைய ஈயக் குழாய்கள் கரையாமல் இருக்கக் குடிதண்ணீரில் சிறிதளவு பொஸ்பேட் சேர்க்கத் தொடங்கியது. எங்களிடம் கேட்டால், சட்டம் குசினியைப் பிடித்த அளவுக்கு வயலைப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் செய்து இரண்டு கிழமைக்குப் பிறகும் வெள்ளை வந்தால் கூப்பிடுங்கள். தண்ணீர் சூடாகாமல் இருக்கலாம், தெளிக்கும் கையில் அடைப்பு இருக்கலாம். அது எங்கள் வேலை.

அன்புடன்,
உங்கள் மெசின் திருத்தும் கடை, ஸ்காபரோ