காற்றுத்தர மானி தொடர்பான முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் வாங்கிய காற்றுத்தர மானி பற்றி நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் பதில் வராதபடியால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தொய்வு வருத்தக்காரனான நான், லண்டனிலுள்ள மகளிடம் மூன்று மாதம் தங்கப் போவதற்காகவே அதை வாங்கினேன். அங்கே நோர்தேர்ன் லைன் என்ற நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையின் ஹம்ப்ஸ்ரெட் நிலையம் 58.5 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. சில்லும் தண்டவாளமும் பிறேக்கும் உராய்ந்து உதிரும் இரும்புத்தூளை, குழாய்க்குள் பிஸ்டன் போல ஓடும் வண்டியே மறுபடி மறுபடி கிளப்பிவிடுகிறது. இவை உங்களுக்குத் தெரியாதவையல்ல. "நிலக்கீழ்ப் புகையிரதத்துக்கும் ஏற்றது" என்று கையேட்டில் அச்சிட்டவர்கள் நீங்கள்தானே.

அந்த மேடையில் மானி 12 என்று காட்டியது. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 24 மணி நேர அளவு, கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். ஆகவே பயமில்லையென்று நம்பி, பேரனையும் கூட்டிக்கொண்டு ஆறு கிழமை அவ்வழியால் போய்வந்தேன். ஒருநாள் மூக்கைத் துடைத்த வெள்ளைக் கைக்குட்டை கரியாய் இருந்ததைக் கண்ட பிறகே, தெருவுக்கு ஏறி மானியைப் பார்த்தேன். அங்கும் 12. ஊர் திரும்பிக் குசினியில் விறகடுப்புப் புகைக்கு முன்னால் பிடித்தபோதும் 12. பின்பக்கத் துவாரத்தில் காதை வைத்தால், காற்றை உள்ளிழுக்கும் சிறு விசிறியின் சத்தமே இல்லை.

கிளையில் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதிகாலைப் புகையிரதமேறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வந்த என்னிடம், உங்கள் சேவைப்பகுதிப் பணியாளர் மானியைக் கையில்கூட வாங்காமல், "யாழ்ப்பாணத்துல எங்க ஐயா அண்டர்கிரவுண்ட் ட்ரெயின் ஓடுது?" என்று கேட்டுச் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு, பற்றுச்சீட்டில் கிளையின் முத்திரை இல்லையாம், அடித்துக்கொண்டு வரட்டாம். முத்திரை குத்தாதது உங்கள் கிளை. அலைந்தது 68 வயதான நான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் இரவில் நித்திரை வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து அதன் எடையைக் கணிக்கும் இத்தகைய மானிகள் சாதாரணத் தூசுக்கும் புகைக்குமே அளவு திருத்தப்பட்டவை. இரும்புத்துகள் அடர்த்தி கூடியதென்பதால், காட்டும் அளவை அதற்கான திருத்த எண்ணால் பெருக்காவிட்டால், பழுதில்லாத மானியே அங்கு குறைத்துத்தான் காட்டும். இதைக் கையேட்டில் ஏன் எழுதவில்லை? உங்கள் ஒரு வரியை நம்பி என் சுவாசப்பையும் ஒரு குழந்தையின் சுவாசப்பையும் கெட்டன. அதற்கு எந்த நட்டஈடும் ஈடாகாது.

தயவுசெய்து 14 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் பயணச் செலவையும், அப்பணியாளரின் எழுத்துமூல மன்னிப்பையும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்கிறேன். தவறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும், பிறகு நீதிமன்றத்துக்கும் போவேன். மானியைச் சுமந்துகொண்டு இனிக் கொழும்புக்கு வரமாட்டேன். உங்கள் ஆள் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகட்டும். கைக்குட்டையைத் தோய்க்காமல் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
பற்றுச்சீட்டில் பெயருள்ள வாடிக்கையாளர்